குளிர்ந்த எஞ்சினைக் காட்டுங்கள்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து நான் அங்கியை மடித்துக்கொண்டிருக்கையில் நம் வாலிபர்களில் நால்வர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். "ஐயா, அந்தச் சிவப்புக் கார் விஷயத்தை எழுதுவதாகச் சொன்னீர்களே, எப்போது?" என்று கேட்டார்கள். சம்பந்தப்பட்ட தம்பியிடம் அனுமதி பெற்றுவிட்டேன். பெயரைச் சொல்லக்கூடாது என்பது மட்டுமே அவருடைய நிபந்தனை. ஆகவே இந்த வாரத் தியானம் ஒரு பழைய டர்போ காரைப் பற்றியது. எஞ்சினைப் பற்றி வாசிக்க விருப்பமில்லாத தாய்மார்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாளை உங்கள் பிள்ளை ஒரு கைப்பேசிப் படத்தைக் காட்டி, "அம்மா, மூன்று லட்சம்தான்" என்று சொல்லும்போது இது உங்களுக்கு உதவும்.

அந்தத் தம்பி ஆறு ஆண்டுகள் வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக்காக வேலை செய்து ஊர் திரும்பியவர். ஐம்பது டிகிரி வெயிலில் மாடிகளின்மேல் நின்று சேர்த்த பணம் அது. தங்கையின் திருமணத்துக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிவிட்டார். ஓட்டு வீட்டை மாற்றித் தளம் போடுவதற்கு இன்னொரு பங்கு. மீதி நான்கரை லட்சம். பள்ளி நாட்களில் கும்பகோணத்துச் சாலையில் ஒருமுறை பார்த்த கார் ஒன்று அவர் மனத்தைவிட்டு அகலவேயில்லை. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். என்னும் அந்தக் கார் 2004-இல் இந்தியாவில் அறிமுகமானது. 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், இருபது வால்வுகள், ஒரு டர்போ, 150 குதிரைத்திறன். நம் நாட்டுச் சாலைகளில் டர்போ பெட்ரோல் கார் என்பதே அரிதாக இருந்த காலம் அது. லீனியா டி-ஜெட் 2010-இலும், போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 2013-இலும், புன்டோ அபார்த் 2015-இலும் வந்தன. இவையெல்லாம் இப்போது பழைய கார்களாகி, ஆசைப்படத்தக்க விலைக்கு இறங்கியிருக்கின்றன.

சென்னையில் ஒருவர் அந்த ஆர்.எஸ். காரை விற்கிறார் என்றும், மறுநாளே முன்பணம் கொடுக்கப் போவதாகவும், அதற்கு முன் நான் ஜெபிக்க வேண்டும் என்றும் தம்பி வந்து நின்றார். ஜெபிக்கிறேன், ஆனால் முதலில் அந்தக் காரின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வா என்றேன். கோபுரம் கட்ட நினைப்பவன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவர் லூக்கா 14-இல் சொன்னதை வாலிபர் கூட்டத்தில் அவரே ஒருமுறை அழகாக விளக்கியிருக்கிறார். அதை நினைவூட்டினேன். "அப்படியானால் நீங்களும் வாருங்கள்" என்றார்.

என்னை அழைத்ததற்குக் காரணம் உண்டு. என் தகப்பனார் கும்பகோணத்தில் சோழன் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். ஒரு நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் பொருத்தி, எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இறையியல் கல்லூரிக்குப் போகுமுன் என் விடுமுறைகள் எல்லாம் அவர் பக்கத்தில் கிரீஸ் துணியோடு கழிந்தவைதான்.

டர்போ என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை வீணாகப் போகிறது அல்லவா? அந்தப் புகையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிப்பதே டர்போ. அதிகக் காற்று புகுந்தால் அதிக எரிபொருளை எரிக்கலாம். சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினைப்போல் இழுக்கும். சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரட் புச்சி என்ற பொறியாளர் 1905-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். கப்பல்களுக்கும் லாரிகளுக்கும் போய்ச் சேர்ந்தபின் 1962-இல்தான் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், ஷெவர்லே கார்வேர் என்னும் இரண்டு கார்களில் அது வந்தது. ஜெட்ஃபயருக்குப் பெட்ரோலோடு தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றிவர வேண்டியிருந்தது. பலர் அதை ஊற்ற மறந்தார்கள். டர்போவின் சரித்திரத்தில் பாதி, பராமரிக்க மறந்தவர்களின் சரித்திரம்தான்.

இதில் நம் ஊர்க்காரர்கள் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. புகை பட்டுச் சுழலும் அந்தச் சக்கரம் 900 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில், நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமான சுற்றுகள் சுழல்கிறது. அதை நிக்கல் கலந்த உலோகத்தில் செய்கிறார்கள். செய்யும் முறை என்ன தெரியுமா? மெழுகில் வடிவம் செய்து, அதன்மேல் பூச்சுப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது. சுவாமிமலை ஸ்தபதிகள் காவிரி வண்டலைக் கொண்டு தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் அதே மெழுகு வார்ப்பு! தொழிற்சாலையில் மண்ணுக்குப் பதில் பீங்கான் பூச்சு, அவ்வளவே வேறுபாடு. எங்கள் தெருவில் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. "குமிழி விழாமல் ஊற்றுகிறானா?" என்று மட்டும் கேட்டார்.

அத்தனை வேகத்தில் சுழலும் தண்டை உலோகம் தாங்கவில்லை, எண்ணெய்ப்படலம் தாங்குகிறது. மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு கனமே உள்ள படலம். எண்ணெய் கெட்டால், குறைந்தால், குழாயில் கரி அடைத்தால், தண்டு உலோகத்தில் உராயத் தொடங்கும். ஆகவே பழைய டர்போ காரில் நீங்கள் விலை கொடுத்து வாங்குவது, அதற்கு முன்னிருந்தவர் எண்ணெய் மாற்றிய பழக்கத்தைத்தான். பணிமனை ரசீதுகளைக் கேளுங்கள். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை, எந்த ஆயில் என்று பாருங்கள். இத்தகைய எஞ்சினுக்கு முழுச் செயற்கை ஆயில் வேண்டும். நெடுந்தூரம் வேகமாக ஓடி வந்தால் உடனே சாவியைத் திருப்பி அணைக்காமல் ஒரு நிமிடமாவது நின்று ஓட விட வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே, "வண்டியை நிறுத்துமுன் என்ன செய்வீர்கள்?" என்று விற்பவரிடம் இயல்பாகக் கேளுங்கள். பதிலில் அவருடைய பழக்கம் வெளிப்பட்டுவிடும்.

காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பவையோடு ஒத்திருக்க வேண்டும். வங்கிக் கடன் பதிவு இருந்தால் படிவம் 35 கொடுத்து நீக்கப்பட்டிருக்க வேண்டும். வேறு மாநில வண்டியானால் படிவம் 28-இன்படி தடையில்லாச் சான்றும், தமிழ்நாட்டு வரியும் உண்டு. டெல்லி வட்டாரத்தில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்குத் தடை வந்தபின் அங்கிருந்து பல கார்கள் மலிவாகத் தெற்கே வந்தன; அந்த மலிவு வரி கட்டும் இடத்தில் கரைந்துபோகும். 15 ஆண்டு முடிந்த எந்தக் காருக்கும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அது 5 ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாயிற்று. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025-இல் 10,000 ஆக உயர்ந்தது. பசுமை வரி வேறு. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்பவர்களும் கவனியுங்கள்: பெயர் மாறாதவரை, விபத்து நேர்ந்தால் பொறுப்பு பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. "கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், அவர் மாற்றிக்கொள்வார்" என்று நம் சபையிலேயே மூவர் இருக்கிறீர்கள். யாரென்று எனக்குத் தெரியும்.

நாங்கள் இரவு ரயிலேறிக் காலை எட்டரை மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்றோம். ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வரவேற்றார். கார் அவருடைய மகனுடையது. மகன் வெளிநாட்டில் குடியேறிவிட்டார். சிவப்புச் சாயம் காலை வெயிலில் மின்னியது. தம்பியின் முகத்தைப் பார்த்தேன். அந்த நேரத்தில் அவர் கையில் பணம் இருந்திருந்தால் கொடுத்திருப்பார். நல்ல வேளையாக வங்கியில் இருந்தது.

நான் உள்ளங்கையை பானெட்மேல் வைத்தேன். சூடாக இருந்தது.

"நீங்கள் வருவதற்குள் ஏ.சி. குளிரட்டும் என்று ஓட்டி வைத்தேன்" என்றார் பெரியவர்.

அன்பானவர்களே, இதை நினைவில் வையுங்கள். பழைய காரைப் பார்க்கப் போகுமுன் தொலைபேசியில் ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: நாங்கள் வரும்வரை எஞ்சினைத் தொடாதீர்கள், இரவு முழுதும் ஆறிய எஞ்சினைக் காட்டுங்கள். சூடான எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். ஆறிய எஞ்சின் முதல் அரை நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடும். சங்கிலியின் சலசலப்பு, தேய்ந்த டாப்பெட்டின் தட்டல், சைலன்சரின் முதல் புகை ஆகியவை அந்த அரை நிமிடத்தோடு போய்விடும். நான் அதை முன்கூட்டிச் சொல்ல மறந்திருந்தேன். ஆகவே, "பரவாயில்லை ஐயா, ஆறட்டும், நாங்கள் காத்திருக்கிறோம்" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை; ஆனாலும் இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். நான்கு மணி நேரம்.

அந்த நேரத்தை வீணாக்கவில்லை. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் மூடியபோது ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கின. அவற்றுள் சில துடைத்துக் கழுவப்பட்டு வெளியூர்களில் விற்கப்பட்டன. டெல்டாக்காரர்களுக்கு வெள்ளத்தின் அடையாளத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் சுவர்களில் அது கோடு போட்டுவிட்டுப் போகும். காரிலும் அப்படித்தான். சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்துப் பாருங்கள். யாரும் கழுவாத அந்தக் கடைசி அரையடியில் வண்டல் நிறம் தெரியும். சீட்டின் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண், கார்ப்பெட்டின் அடியில் ஈரவாடை ஆகியவற்றைத் தேடுங்கள். இந்தக் காரில் அவை எதுவுமில்லை. கதவு இடைவெளிகள் சீராக இருந்தன. பானெட் போல்ட்டுகளின் தலையில் ஸ்பானர் பட்ட காயமில்லை. பெரிய விபத்தும் இல்லை. டயரின் பக்கத்தில் வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு இலக்கங்களைப் படித்தோம். நான்கு டயரும் நான்கு ஆண்டுகளைச் சேர்ந்தவை. கிளட்ச் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. மீட்டரோ 68,000 கிலோமீட்டர் காட்டியது. தம்பி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் முதல்முறையாக அவருடைய கண்களிலிருந்து அந்தச் சிவப்பு சற்று இறங்கியது.

பன்னிரண்டரை மணிக்கு டிப்ஸ்டிக்கை உருவினேன். ஆயில் விரல்களுக்கிடையே பாகுபோல இழுத்தது. இருக்க வேண்டியதைவிட மிகவும் கெட்டியாயிருந்தது.

"தம்பி, இது புகையை மறைக்க ஊற்றுவது. கெட்டி ஆயில் ஊற்றினால் தேய்ந்த இடத்தில் கசியாது; பத்து நாள், பதினைந்து நாள் நீலப்புகை தெரியாது" என்று மெல்லச் சொன்னேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் ஐயா?"

"அப்பா சொல்லிக்கொடுத்தார்" என்றேன்.

அது உண்மையல்ல. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எஞ்சினை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றேன். புகையின் நிறத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெண்மையாக, இனிப்பு வாடையோடு, சூடேறிய பின்னும் நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்றுக் குழாயில் கசிவு. இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓட விட்டுப் பிறகு திடீரென்று ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு நீலப் பொட்டலம் வெளியே வந்தால், டர்போவின் சீலையோ வால்வு சீலையோ சந்தேகியுங்கள். கெட்டி ஆயிலையும் மீறி அந்தப் பொட்டலம் வந்தது.

பிறகு எஞ்சினை நிறுத்தி, டர்போவுக்குள் காற்று போகும் குழாயைக் கழற்றினோம். விற்பவரிடம் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள். அவர் மறுத்தால் அந்த மறுப்பே ஒரு பதில். சக்கரத்தின் மூக்கை இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் மிகச் சிறிய அசைவு இருக்கும். எண்ணெய்ப்படலத்துக்கான இடம் அது, பயப்பட வேண்டாம். ஆனால் உள்ளும் வெளியுமாகத் தள்ளி இழுத்தால் அசைவு கையில் தெரியவே கூடாது. இதில் தெரிந்தது. தம்பியின் விரலை எடுத்து வைத்துக் காட்டினேன். அவர் இரண்டு முறை தள்ளி இழுத்துப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். சக்கரத்தின் இதழ்களில் நெளிவு இருக்கிறதா, உறையில் உரசிய தடம் இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். இன்டர்கூலர் குழாய்க்குள் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இயல்பு. தேங்கி நின்றால் அல்ல.

இந்த வகை எஞ்சினுக்கு டைமிங் பெல்ட் உயிர்நாடி. அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வுகளை இடிக்கும். எஞ்சின் முழுதும் வேலை. கிலோமீட்டர் குறைவுதானே என்று நினைக்காதீர்கள். ரப்பர் ஓடாமலும் முதுமையடையும். மாற்றிய தேதியோடு ரசீது இல்லையானால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுழற்றுகிறது; பழைய பம்புகளில் உள்ளே பிளாஸ்டிக் சக்கரம் உடைவதுண்டு; ஆகையால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இருபது வயதுக் காரின் ரப்பர்க் குழாய்கள் எல்லாவற்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள். ஓட்டும்போது நான்காம் கியரில் மெதுவாகப் போய் முழுவதும் மிதியுங்கள்; எஞ்சின் வேகம் ஏறியும் வண்டி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. முன்னிருந்தவர் கம்ப்யூட்டரில் ரீமேப் செய்து அதிகச் சக்தி ஏற்றியிருந்தால் முதலில் களைப்பது கிளட்ச்தான். காற்றழுத்தம் ஏறும்போது 'உஸ்' என்ற கசிவோ, சைரன்போல ஊளையோ கேட்கிறதா என்று ரேடியோவை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அரைமணி நேரமாவது ஓட்டுங்கள்.

தம்பி ஒரு ஸ்கேனரை இரவல் வாங்கிவந்திருந்தார். குறை எதுவும் பதிவாகவில்லை. எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. பல கார்களில், குறைக் குறியீடுகளை அழித்துவிட்டால் காரின் சுயபரிசோதனைகள் இன்னும் நிறைவடையவில்லை என்று ஸ்கேனர் காட்டும். சில நாள் ஓடிய பின்புதான் அவை நிறையும். இதிலும் நிறைவடையவில்லை என்றே இருந்தது. யாரோ அண்மையில் துடைத்திருக்கிறார்கள்.

தம்பி பெரியவரிடம் போய், "ஐயா, டர்போ தேய்ந்திருக்கிறது. உங்களுக்குத் தெரியுமா?" என்று நேராகக் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. பெரியவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். உள்ளே போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். மூன்று வாரத்துக்கு முந்தைய தேதியிட்ட, ஒரு ஒர்க்‌ஷாப்பின் மதிப்பீடு. டர்போ, பெல்ட், கிளட்ச் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ஒன்றேமுக்கால் லட்சம். "மகன்தான் சொல்ல வேண்டாம் என்றான். காலையில் ஓட்டி வைக்கச் சொன்னதும் அவன்தான். எனக்கு இது பழக்கமில்லை" என்றார். பிறகு எங்களுக்குச் சாப்பாடு போட்டார். நாங்கள் சாப்பிட்டோம்.

தம்பிக்கு ஒரு யோசனை. எல்லாவற்றையும் மட்டம் தட்டிப் பேசி, இரண்டு லட்சத்துக்குக் கேட்கலாமா? வாங்கும்போது "மோசம், மோசம்" என்று சொல்லிவிட்டு அப்பால் போய்ப் பெருமையடிக்கும் மனிதனை நீதிமொழிகள் 20-ஆம் அதிகாரம் எவ்வளவு நன்றாக அறிந்திருக்கிறது! விற்பவனின் கள்ளத்தராசைப் பற்றி நாம் பிரசங்கிப்பதுண்டு. வாங்குபவனின் நாக்கைப் பற்றி அதிகம் பிரசங்கித்ததில்லை. நியாயமான மதிப்பைச் சொல், இல்லையேல் விட்டுவிடு என்றேன். செலவைக் கணக்கிட்டுப் பார்த்தார். வீட்டுத் தளத்துக்கு ஒதுக்கிய பணத்தில் கை வைக்காமல் முடியாது என்று கண்டு, பெரியவரைக் கும்பிட்டு விடைபெற்றார்.

பிற்பகல் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். தம்பி அந்தப் பெரியவரின் மகனைக் குறைசொல்லிக்கொண்டே வந்தார். ஆள் படித்தவனாம், வெளிநாட்டில் இருக்கிறானாம், அப்பாவைப் பொய் சொல்ல வைக்கிறானாம். ரயில் செங்கல்பட்டு ஏரியைத் தாண்டிக்கொண்டிருந்தது. அப்போது எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. "உன் சின்னக் காரை விற்க முன்பணம் வாங்கினாயே, அதில் இரண்டாம் கியர் விழாமல் கரகரக்குமே. வாங்குகிறவரிடம் சொன்னாயா?" என்று கேட்டேன்.

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். விழுப்புரம்வரை அவர் பேசவில்லை.

பேசாமல் இருந்தது அவர் மட்டுமல்ல. நான் கேட்ட கேள்வி என் மடியிலேயே வந்து விழுந்திருந்தது. விழுப்புரத்தில் ரயில் நின்றபோது சொன்னேன்: "கெட்டி ஆயில் விஷயம் அப்பா சொல்லிக்கொடுத்தது இல்லை தம்பி. நானே செய்தது."

1999-இல் பாபநாசத்துக்கு அருகில் ஒரு கிராமச் சபையில் ஊழியம் செய்தேன். மாற்றல் வந்தபோது என்னிடமிருந்த நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளை விற்க வேண்டியிருந்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்து காலையில் நீலப்புகை கக்கும். பட்டறை நண்பர் ஒருவர், கெட்டி ஆயிலை ஊற்று, வாங்குகிறவர் வருமுன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நிறுத்து என்றார். செய்தேன். வாங்கியவர் தொடக்கப்பள்ளி ஆசிரியர். நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். 11,000 ரூபாய், கூட்டுறவுச் சங்கத்தில் கடனெடுத்துக் கொடுத்தார். வண்டியை ஓட்டிப் பார்க்கவுமில்லை. "பாதிரியார் வண்டி, பார்க்கவா வேண்டும்?" என்றார். ஒரு மாதத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது என்றும், அதைச் சரிசெய்ய நாலாயிரம் ஆயிற்று என்றும் வேறொருவர் மூலம் கேள்விப்பட்டேன். அதற்குப் பின் ஒருமுறை அவரைக் கும்பகோணம் பேருந்து நிலையத்தில் கண்டேன். "சார், நல்லா இருக்கீங்களா? பிள்ளைகள் சௌக்கியமா?" என்று கேட்டார். வண்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் ஏசியிருந்தால் நான் எளிதில் மறந்திருப்பேன். என் தகப்பனார் அப்போது உயிரோடிருந்தார், அவரிடமும் சொல்லவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்து, கேட்ட ஒரு வாலிபனிடம் அந்தக் குற்றத்தை அவர் தலையில் சாய்த்துப் பேசியிருக்கிறேன்.

மயிலாடுதுறை வருமுன் தம்பி கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். திரும்பி வந்தபோது, "இரண்டாம் கியரைச் சொல்லிவிட்டேன் ஐயா. பின் பம்பர் டிங்கர் செய்ததையும் சொன்னேன். பதினெட்டாயிரம் குறைத்துக் கேட்கிறார்" என்றார். முகம் வாடித்தான் இருந்தது. பதினெட்டாயிரம் சிறிய தொகையல்ல.

அவர் டர்போ காரை விட்டுவிடவில்லை, அப்படி நினைத்துவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்துக் கோயம்புத்தூரில் ஒன்று கிடைத்தது. அதே மாதிரி, ஆனால் கறுப்பு. சாயம் மங்கல், முன் பம்பரில் விரிசல். உரிமையாளர் பதினான்கு ஆண்டு ரசீதுகளை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். பெல்ட் மாற்றிய ரசீதும், டர்போவின் கார்ட்ரிட்ஜ் மாற்றிய ரசீதும் அதிலிருந்தன. எஞ்சின் ஆறியிருந்தது. தங்கையின் திருமணம் தை மாதத்தில் நன்றாக நடந்ததை அறிவீர்கள். மணமக்கள் போனது அந்தக் காரில்தான். ஆறிய பின் ஜெபித்தேன் என்று பிள்ளைகள் இன்னும் கேலி செய்கிறார்கள்.

அந்த ஆசிரியர் ஓய்வுபெற்று இன்னும் பாபநாசத்திலேயே இருக்கிறார் என்று விசாரித்து அறிந்தேன். வருகிற புதன்கிழமை போகிறேன். நாலாயிரம் ரூபாய்க்கு இன்றைய மதிப்பு என்னவென்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை. வங்கியில் வேலை செய்யும் நம் சபை அண்ணன் போட்டுத் தந்திருக்கிறார். காரில் வந்து விடுகிறேன் என்றார் தம்பி. பேருந்திலேயே போய்க்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.